இரண்டு விகிதங்களின் வித்தியாசம்: நம்பிக்கை ஆயிடையை வாசிப்பது எப்படி?

இறுதியாண்டு ஆய்வறிக்கை எழுதும் காலம் வந்தால் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தை நிறைந்துவிடும். கையில் மடிக்கணினி, இல்லாவிட்டால் அச்சடித்த நாலு தாள். அதில் ஒரே ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் பூசியிருப்பார்கள். இரண்டு விகிதங்களின் வித்தியாசத்துக்கான நம்பிக்கை ஆயிடை அது: கீழ்முனை 0.009, மேல்முனை 0.191. "சேர், இதுக்குள்ள பூச்சியம் இல்லை. அப்ப வித்தியாசம் இருக்கு எண்டு எழுதலாம்தானே?"

எழுதலாம். ஆனால் அந்த வரியில் பூச்சியத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் தாளை மூடிவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்காது. வெயிலில் வீடு வீடாக நடந்து சேர்த்த தரவு அது. முழுவதையும் வாசிக்க வேண்டும். எப்படி வாசிப்பது என்று படிப்படியாக எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் தெரிந்தால் போதும்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் இலங்கைப் பாடப்புத்தகங்களில் நம்பிக்கை ஆயிடை, நியம வழு, குடித்தொகை என்று வரும். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் நம்பிக்கை இடைவெளி, திட்டப்பிழை, முழுமைத்தொகுதி என்று பார்ப்பீர்கள். இரண்டும் ஒன்றுதான். நான் நமது வழக்கத்தையே எழுதுகிறேன். நம்பிக்கை ஆயிடை என்றால், உண்மை எண் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று மாதிரியை வைத்துக் காட்டும் வீச்சு. நியம வழு என்றால், மாதிரிக்கு மாதிரி விடை எவ்வளவு ஆடும் என்பதன் அளவு. குடித்தொகை என்றால், மாதிரி எடுக்கும் முழுத் தொகுதி.

எடுத்துக்காட்டு

2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவிய நாட்களை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் நுளம்பையே எடுத்துக்கொள்வோம். கிண்ணியாப் பக்கம் ஒரு கிராமம், மூதூர்ப் பக்கம் ஒரு கிராமம். முதல் கிராமத்தில் சுகாதாரத் தொண்டர்கள் வீடு வீடாகப் போய், தண்ணீர்ப் பீப்பாயை மூடி வைக்கச் சொன்னார்கள். இரண்டாவது கிராமத்தில் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். ஒரு மாதம் கழித்து எத்தனை வீட்டில் எல்லாப் பாத்திரமும் மூடியிருக்கிறது என்று பார்க்கிறோம். இது பயிற்சிக்காக நான் கட்டிய கதை, எண்களும் நான் வைத்தவை. எங்கும் மேற்கோள் காட்டிவிடாதீர்கள்.

முதல் கிராமம்: 200 வீட்டில் 124. அதாவது 0.62.
இரண்டாவது கிராமம்: 250 வீட்டில் 130. அதாவது 0.52.

படி 1: எதிலிருந்து எதைக் கழித்தோம் என்று முதலில் எழுதுங்கள்

சின்ன விஷயம்தான், ஆனால் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். வித்தியாசம் என்றால் முதல் கிராமம் கழித்தல் இரண்டாவது கிராமம். தாளின் மேல் மூலையில் இதை எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை. மாற்றிக் கழித்தால் 0.10 என்பது −0.10 ஆகும், ஆயிடையும் −0.191 முதல் −0.009 வரை என்று திரும்பிவிடும். கணக்கு பிழையில்லை. ஆனால் வாசிக்கிறவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். கணினி மென்பொருள்கள் தங்கள் பாட்டுக்கு ஓர் ஒழுங்கில் கழித்துவிடும், எந்தக் குழு முதலில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: கணக்கை ஒரு தடவையாவது கையால் செய்யுங்கள்

வித்தியாசம்: 0.62 − 0.52 = 0.10.

நியம வழுவுக்கு, ஒவ்வொரு குழுவிலும் "ஆம்" விகிதத்தை "இல்லை" விகிதத்தால் பெருக்கி, அந்தக் குழுவின் மாதிரி அளவால் வகுக்க வேண்டும்.

முதல் கிராமம்: 0.62 × 0.38 ÷ 200 = 0.001178
இரண்டாவது: 0.52 × 0.48 ÷ 250 = 0.000998
கூட்டினால் 0.002176. வர்க்கமூலம் 0.0467. இதுதான் வித்தியாசத்தின் நியம வழு.

95 சதவீத நம்பிக்கைக்கு இதை 1.96ஆல் பெருக்கினால் 0.091 வரும். 0.10இலிருந்து அதைக் கழித்தால் 0.009, கூட்டினால் 0.191. மஞ்சள் பூசிய வரி வந்துவிட்டது.

கழிக்கிறோம், ஆனால் வழுக்களின் வர்க்கங்களை ஏன் கூட்டுகிறோம் என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. இரண்டு அளவீட்டிலும் ஆட்டம் இருக்கிறது. ஆடும் ஒன்றிலிருந்து ஆடும் இன்னொன்றைக் கழித்தால் ஆட்டம் கூடுமே தவிரக் குறையாது. ஆழம் பார்க்கும்போது படகும் ஆடுகிறது, அளக்கும் கோலும் ஆடுகிறது என்றால் அளவு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 3: இந்த ஆயிடையை நம்பலாமா?

வாசிக்கத் தொடங்கும் முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் "ஆம்" குறைந்தது 10, "இல்லை" குறைந்தது 10 இருக்கிறதா? நம் கணக்கில் 124, 76, 130, 120. தாராளம். இல்லாவிட்டால் அக்ரெஸ்டி, காஃபோ என்ற இருவர் 2000இல் காட்டிய வழி ஒன்று உண்டு: ஒவ்வொரு குழுவிலும் ஒரு "ஆம்", ஒரு "இல்லை" கற்பனையாகச் சேர்த்துவிட்டு அதே சூத்திரத்தைப் போடுவது. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் சிறிய மாதிரிகளில் நன்றாகவே வேலை செய்யும்.

அடுத்தது, வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுத்தோமா? ஒரே ஒழுங்கையில் இறங்கி வரிசையாக இருபது வீடு பார்த்தால் அந்த இருபதும் இருபது தனித்தனித் தகவல் ஆகாது. பக்கத்து வீட்டு அக்கா பீப்பாயை மூடினால் நாங்களும் மூடுவோம், ஊர் வழக்கம் அப்படித்தான். அப்படி எடுத்த மாதிரிக்கு இந்தச் சூத்திரத்தைப் போட்டால் ஆயிடை இருக்க வேண்டியதைவிட ஒடுக்கமாக வரும். நமக்கு இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டும்.

மூன்றாவது, இரண்டு குழுவும் வேறு வேறு ஆட்களா? அதே 200 வீட்டை அறிவிப்புக்கு முன்னும் பின்னும் பார்த்தால் அது சோடித் தரவு. அதற்கு வேறு சூத்திரம், இது பொருந்தாது.

படி 4: பூச்சியம் எங்கே நிற்கிறது?

நம் ஆயிடை 0.009இல் தொடங்குகிறது. முழுவதும் பூச்சியத்துக்கு மேலே. ஆகவே 95 சதவீத மட்டத்தில், முதல் கிராமத்தின் உண்மை விகிதம் இரண்டாவதைவிடக் கூட என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. முழுவதும் பூச்சியத்துக்குக் கீழே இருந்தால் இரண்டாவது கிராமம் கூட. பூச்சியம் நடுவில் அகப்பட்டால், எந்தப் பக்கம் கூட என்று இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது.

"சொல்ல முடியாது" என்பதும் "வித்தியாசம் இல்லை" என்பதும் ஒன்றல்ல. சில வருடங்களுக்கு முன் ஓர் அறிக்கை என் கைக்கு வந்தது. பிரதேசத்துக்கு 50 வீடுதான் பார்த்திருந்தார்கள். பூச்சியம் உள்ளே இருந்தது. உடனே "இரு பிரதேசங்களுக்கும் இடையில் வித்தியாசம் இல்லை" என்று எழுதி, அதை வைத்தே வேலையையும் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் நினைத்தால் மனம் கனக்கும்.

அதே நிலையை நம் எண்களில் பாருங்கள். முதல் கிராமத்தில் 50க்கு 31, இரண்டாவதில் 50க்கு 26. விகிதங்கள் அதே 0.62, 0.52. வித்தியாசமும் அதே 0.10. ஆனால் நியம வழு 0.0985 ஆகி, ஆயிடை −0.093 முதல் 0.293 வரை விரிகிறது. உண்மை வித்தியாசம் 29 புள்ளியாக இருந்தாலும் இந்தத் தரவு அதை மறுக்காது! அப்படிப்பட்ட தாளை வைத்துக்கொண்டு வித்தியாசமே இல்லை என்று எழுதுவது பெரிய தவறு. "எங்கள் மாதிரி போதாது" என்று எழுதியிருக்க வேண்டும்.

எவ்வளவு போதும் என்று கேட்டால், ஆயிடையின் அகலத்தைப் பாதியாக்க மாதிரியை நாலு மடங்காக்க வேண்டும். 50 வீட்டை 100 ஆக்கினால் பாதியாகாது, 200 ஆக்க வேண்டும். கள வேலைக்குக் காசு கேட்கும் முன் இதைக் கணக்குப் பண்ணிப் பாருங்கள்.

படி 5: இரண்டு முனையையும் ஊர்ப் பேச்சில் சொல்லிப் பாருங்கள்

என் கணிப்பில் எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. பாடநெறிகளில் அதிகம் சொல்லித் தருவதும் இல்லை.

0.009 என்றால் 0.9 சதவீதப் புள்ளி. ஆயிரம் வீடுள்ள ஊரில் மேலதிகமாக ஒன்பது வீட்டில் பீப்பாய் மூடியிருக்கும். 0.191 என்றால் அதே ஊரில் 191 வீடு. ஒன்பது வீட்டுக்காக ஒரு மாதம் தொண்டர்களை நடக்க விடுவீர்களா? 191 வீடு என்றால் உடனே ஓம் என்பீர்கள். ஆக, வீடு வீடாகப் போன கிராமம் கூட என்று எண்கள் சொல்கின்றன. அந்த வித்தியாசம் செலவுக்குத் தகுந்ததா என்பதை இன்னும் சொல்லவில்லை. இதை அப்படியே பிரதேச சபைக் கூட்டத்தில் சொல்லலாம், எல்லாருக்கும் விளங்கும்.

சதவீதமும் சதவீதப் புள்ளியும் வேறு என்பதையும் இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். 52இலிருந்து 62க்குப் போனால் 10 சதவீதப் புள்ளி உயர்வு. ஆனால் 52இல் அந்த 10 என்பது ஏறக்குறைய 19 சதவீத உயர்வு. நம் ஆயிடை புள்ளியில்தான் பேசுகிறது.

படி 6: 95 சதவீதம் என்பது எதைப் பற்றிய பேச்சு?

"உண்மை வித்தியாசம் 0.009க்கும் 0.191க்கும் இடையில் இருக்க 95 சதவீத நிகழ்தகவு உண்டு." நூற்றுக்குத் தொண்ணூறு அறிக்கையில் இப்படித்தான் இருக்கும். 1937இல் இந்த முறையை வகுத்துத் தந்த ஜெர்சி நெய்மன் இதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். கிராமங்களின் உண்மை வித்தியாசம் நிலையான ஓர் எண், அது ஆடாது. ஆடுவது ஆயிடைதான். வேறு 200 வீடு எடுத்திருந்தால் வேறு ஆயிடை வந்திருக்கும். இந்த முறையைத் திரும்பத் திரும்பச் செய்தால் நூறு ஆயிடையில் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து உண்மை எண்ணைத் தனக்குள் வைத்திருக்கும். 95 என்பது முறையின் தரம்.

வாயால் சொன்னால் இது மண்டையில் ஏறாது. அதனால் நான் இரண்டு சட்டி எடுப்பேன். ஒன்றில் 600 கடலை, 400 கௌபி. மற்றதில் 500, 500. எண்ணிப் போடவே ஒரு பின்னேரம் போய்விடும், என் மனைவியும் கூட இருந்து எண்ணினாள். உண்மை வித்தியாசம் 0.10 என்று எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு சட்டிக்கு 40 எடுத்து, எண்ணி, ஆயிடை கட்டி, விதைகளைத் திரும்பப் போட்டுக் கலக்க வேண்டும். இருபது தடவை. ஒவ்வோர் ஆயிடையையும் சுவரில் ஒட்டிய தாளில் கிடைக்கோடாக வரைவோம். சில கோடு இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும், சில வலப்பக்கம். கடைசியில் நான் 0.10இல் சிவப்புப் பேனாவால் செங்குத்தாக ஒரு கோடு போடுவேன். போன முறை இருபதில் பத்தொன்பது கோட்டை அது வெட்டிப் போனது. ஒன்றைத் தொடவில்லை. அந்த ஒன்றை வரைந்த பிள்ளை, "சேர், நான் பிழையா எண்ணிட்டனா?" என்று கேட்டாள். அவள் சரியாகத்தான் எண்ணியிருந்தாள். முறை சரியாக இருந்தும் இருபதில் ஒன்று போல தவறும், தவறியது எது என்று கள வேலையில் நமக்குத் தெரியாது. இதை அவளுக்கு விளக்கிய பிறகு அந்த விறாந்தையில் யாரும் 95ஐப் பிழையாகச் சொல்லவில்லை.

நம்பிக்கை மட்டத்தை மாற்றினால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். அதே தரவுக்கு 90 சதவீதத்தில் 1.645ஆல் பெருக்கினால் 0.023 முதல் 0.177. 99 சதவீதத்தில் 2.576ஆல் பெருக்கினால் −0.020 முதல் 0.220. இப்போது பூச்சியம் உள்ளே வந்துவிட்டது. வீடுகள் மாறவில்லை, பீப்பாய்கள் மாறவில்லை. எனவே மட்டத்தைத் தரவு பார்க்கும் முன்பே முடிவு பண்ணுங்கள். முடிவைப் பார்த்துவிட்டு மட்டத்தை மாற்றுவது நேர்மையான வேலை இல்லை.

படி 7: தனித்தனி ஆயிடைகளை ஒப்பிட்டு முடிவு செய்யாதீர்கள்

இது நன்றாகப் படித்தவர்களையும் விழுத்தும் குழி. ஒவ்வொரு கிராமத்துக்கும் தனியாக 95 சதவீத ஆயிடை போட்டால் முதல் கிராமம் 0.553 முதல் 0.687 வரை. இரண்டாவது 0.458 முதல் 0.582 வரை. 0.553க்கும் 0.582க்கும் இடையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. வரைபடத்தில் பார்த்தவுடன் "ஏறி நிற்குது, அப்ப வித்தியாசம் நிச்சயமில்லை" என்று சொல்லத் தோன்றும். ஆனால் வித்தியாசத்துக்கு நேரே போட்ட ஆயிடையில் பூச்சியம் இல்லை என்று படி 4இல் பார்த்தோமே!

காரணம், இரண்டு வழுவையும் அப்படியே கூட்டினால் 0.034 + 0.032 = 0.066. வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 0.047தான். ஒரு கிராமத்தின் மாதிரி தற்செயலாகக் கீழே சறுக்கும் அதே வேளையில் மற்றதன் மாதிரி மேலே ஏறுவது அவ்வளவு எளிதில் நடக்காது. தனித்தனிக் கோடுகளை ஒப்பிடும் கண், இரண்டு கெடுதலும் சேர்ந்தே வரும் என்று எண்ணிவிடுகிறது. கோடுகள் தொடாமல் தள்ளி நின்றால் வித்தியாசம் உண்டு என்று எடுக்கலாம். தொட்டால் ஒன்றும் சொல்லாதீர்கள், வித்தியாசத்தின் ஆயிடையைப் போடுங்கள்.

படி 8: காரணம் இதுதான் என்று எழுதும் முன்

முதல் கிராமம் கூட என்று காட்டினோம். வீடு வீடாகப் போனதால்தான் கூட என்று இன்னும் காட்டவில்லை. முதல் கிராமத்துக்குக் குழாய்த் தண்ணீர் நாள் முழுக்க வருகிறது, இரண்டாவதில் விடியப்புறம் இரண்டு மணித்தியாலம்தான் என்றால்? தண்ணீரைச் சேமிக்க வேண்டிய வீட்டில் பாத்திரம் கூட இருக்கும், அடிக்கடி திறக்கவும் வேண்டும், மூடாமல் கிடப்பதும் கூடும். ஆயிடை மாதிரியின் தற்செயல் ஆட்டத்தை மட்டும்தான் அளக்கும். இப்படிப்பட்ட வேற்றுமையை அளக்காது.

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் யாருக்கு எது என்று குலுக்கிப் பிரிக்க வேண்டும். இதற்கு ஓர் உண்மை ஆய்வைப் பார்ப்போம். அமெரிக்க ஆண் மருத்துவர்கள் 22,071 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒன்றுவிட்ட நாள் 325 மில்லிகிராம் அஸ்பிரின், மற்றக் குழுவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்தார்கள். 1988இல் வெளியான முதல் அறிக்கைப்படி, சுமார் ஐந்து வருடத்தில் அஸ்பிரின் குழுவின் 11,037 பேரில் 104 பேருக்கு மாரடைப்பு. போலி மாத்திரைக் குழுவின் 11,034 பேரில் 189 பேருக்கு.

விகிதங்கள் 0.0094, 0.0171. போலி கழித்தல் அஸ்பிரின் 0.0077. நியம வழு 0.00154. 95 சதவீத ஆயிடை 0.0047 முதல் 0.0107 வரை. தசமத்தில் பார்த்தால் ஒன்றுமில்லாதது போலத் தெரியும். படி 5ஐச் செய்யுங்கள்: 10,000 பேருக்கு 47 முதல் 107 மாரடைப்பு குறைவு. இப்போது எடை தெரிகிறதா? பெரிய மாதிரி என்பதால் ஆயிடையும் ஒடுக்கம், குலுக்கிப் பிரித்ததால் காரணத்தையும் சொல்லலாம். ஆனால் அந்த எண் அந்த மருத்துவர்களைப் போன்றவர்களுக்குத்தான். பெண்கள் அதில் இல்லை, நம் ஊர் ஆட்களும் இல்லை. அஸ்பிரினால் இரத்தக் கசிவும் வரலாம், ஆகவே இதை வாசித்துவிட்டு யாரும் மாத்திரை தொடங்க வேண்டாம், வைத்தியரைக் கேளுங்கள்.

படி 9: அறிக்கையில் எழுதுவது

நுளம்புக் கணக்கை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "எல்லா நீர்ப் பாத்திரமும் மூடியிருந்த வீடுகள், வீட்டு வருகை நடந்த கிராமத்தில் 62 சதவீதம் (200இல் 124), ஒலிபெருக்கி அறிவிப்பு நடந்த கிராமத்தில் 52 சதவீதம் (250இல் 130). முதலாவது 10 சதவீதப் புள்ளி கூட. 95 சதவீத நம்பிக்கை ஆயிடை 0.9 முதல் 19.1 புள்ளி வரை. வித்தியாசம் மிகச் சிறியதாகவும் இருக்கலாம், கணிசமானதாகவும் இருக்கலாம். கிராமங்கள் குலுக்கிப் பிரிக்கப்படாததால் இது வீட்டு வருகையின் விளைவு என்று உறுதியாகக் கூற முடியாது." மூல எண்களை அடைப்புக்குள் போட மறக்காதீர்கள். அவை இருந்தால் யாரும் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சில மென்பொருள்கள் ஆயிடைக்குப் பக்கத்தில் கருதுகோள் சோதனையின் (வித்தியாசம் பூச்சியம் என்ற எண்ணத்தோடு தரவு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கணக்கு) விடையும் தரும். சோதனை இரண்டு மாதிரியையும் ஒன்றாகக் கலந்து நியம வழு கணிக்கும், ஆயிடை தனித்தனியாக எடுக்கும். அதனால் விளிம்பில் நிற்கும் தரவுக்கு இரண்டும் சில வேளை ஒத்துப்போகாது. பயப்பட ஒன்றுமில்லை, ஆயிடையையே முன்னால் எழுதுங்கள்.

சரி, இப்போது நீங்கள் ஒன்று செய்யுங்கள். இதுவும் கற்பனை எண்தான். இரண்டு கரைகளில் வள்ளங்கள் மீனுக்கு ஐஸ் போட்டுக் கொண்டுவருகின்றனவா என்று பார்க்கிறோம். முதல் கரையில் 90 வள்ளத்தில் 45, இரண்டாவது கரையில் 110 வள்ளத்தில் 72. முதல் கரை கழித்தல் இரண்டாவது. 95 சதவீத ஆயிடை −0.291 முதல் −0.018 வரை என்று வர வேண்டும். வந்த பிறகு எந்தக் கரை கூட, நூறு வள்ளத்துக்கு எத்தனை முதல் எத்தனை வரை என்று எழுதுங்கள். முதல் கரையை விடியற்காலையிலும் இரண்டாவதை மத்தியானத்திலும் எண்ணியிருந்தால் என்ன கேள்வி கேட்பீர்கள் என்பதையும் கீழே ஒரு வரி எழுதிப் பாருங்கள்.